பாதி நாள் சுதந்திரம்

கலைஞன் எதைத் தின்று கலைஞனாக இருக்கிறான் என்ற கேள்வியை நம் விமர்சனம் கொஞ்சம் அநாகரிகமானதாக நினைத்து ஒதுக்கி வைத்திருக்கிறது. ஓவியத்தின் கோட்டைப் பற்றி, கவிதையின் படிமத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தக் கோட்டைப் போட்ட கை அன்று காலை அரிசிக்கு என்ன செய்தது என்று கேட்பதில்லை. கேட்டால், அது சமூகவியல், கலைக்கு வெளியே உள்ள விஷயம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. எனக்கு இது தார்மீகப் பிரச்னையாகவே படுகிறது. பிழைப்புக்காக ஒன்றையும் தனக்காக வேறொன்றையும் செய்கிறவன் தன்னை இரண்டாகப் பிளந்துகொள்கிறானா? அந்தப் பிளவு ஒரு நேர்மையா, அல்லது ஒரு சௌகரியமா?

இக்கேள்விக்கு ஏட்டளவில் அல்லாமல் வாழ்க்கையாகவே விடை தேடிய ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் சாலையில், ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் 1966-ல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம். அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சி அது. படிப்பை முடித்து வெளியே வரும் இளைஞர்களுக்குப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலையையும் விளம்பரக் கம்பெனி வேலையையும் விட்டால் போக்கிடமில்லை. படம் வாங்குவோர் மிகச் சொற்பம். மாணவர்களும் ஆசிரியருமாகக் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி முதலானவற்றைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தின் உதவியால் பத்து ஏக்கருக்குள் அடங்கும் மணல் நிலத்தை வாங்கி ஓலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். பகலில் ஒரு பாதி கைவினைக்கு, மறுபாதி ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். அரசாங்க மான்யமோ செல்வந்தர் தயவோ இதன் அடிப்படை அல்ல. கைவினை சோறு போடும், ஓவியம் யாருக்கும் கைகட்டி நிற்காது. இவ்வளவுதான் திட்டம்.

'கடலோரத்து ஓவியன்' என்றதும் மனசில் எழும் காட்சி ஒன்றுண்டு. அலை, காற்று, தனிமை, கான்வாஸில் நீலம். சோழமண்டலம் இதைப் பெரும்பாலும் பொய்யாக்கிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் புகழ்பெற்றது கடலை வரைந்ததால் அல்ல. பணிக்கர் 1963 முதல் வரைந்த 'வார்த்தைகளும் குறிகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும் படிக்க முடியாத எழுத்து வரிசைகளும் இருந்தன. சுல்தான் அலி ஆதிவாசிகளின் புராணப் பிராணிகளுக்குப் போனார். அவர்களுக்குக் கடல் ஒரு தரிசனமாக இருந்ததை விட, நகரத்துக்கு எட்டாத மலிவான நிலமாக இருந்ததே முக்கியம். கடலைத் தினமும் கூர்ந்து பார்த்தாக வேண்டியவர்கள் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள்தான். அவர்களுக்கு அது காட்சி அல்ல, வேலை. இந்த வேற்றுமையை மறந்துவிட்டு ஓவியனின் தனிமையைப் பற்றிப் பேசுவது ரொமாண்டிக் சோம்பேறித்தனம்.

நான் கடல் இல்லாத ஊர்க்காரன். சங்கரன்கோவிலில் அலைக்குப் பதிலாகத் தறிச் சத்தம் கேட்கும். கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகிய தெருக்கள். தறி ஓட்டும் ஒரு நண்பரிடம் சோழமண்டலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அது சரி அண்ணாச்சி, பாதி நாள் தறி ஓட்டுனா பாதிக் கூலிதானே தருவான்? பாதிக் கூலில அவங்க எப்படி முழு நாள் சாப்பிட்டாங்க?"

இந்தக் கேள்வியை எந்த விமர்சனக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பிரச்னையின் மையத்துக்குச் சீக்கிரமே வந்திருப்பேன். விசைத்தறிக்காரர் நெய்யும் சேலையில் அவர் பெயர் கிடையாது. கஜத்துக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அதே துணியில் ஓர் ஓவியன் மெழுகால் கோடிழுத்தால், அது துணியின் விலைக்கு மட்டும் விற்பதில்லை. ஓவியன் கை பட்டது என்ற எண்ணமும் சேர்ந்து விற்கிறது. அதனால்தான் பாதி நாள் உழைப்பு முழு நாளைத் தாங்க முடிந்தது. அதாவது, கைவினை ஓவியத்துக்குச் சோறு போட்டது என்பது பாதி உண்மை. ஓவியமும் கைவினைக்கு விலை ஏற்றிக் கொடுத்தது. சந்தையை ஒரு பாதியில் அடைத்துவிட்டு மறுபாதியைத் தூய்மையாக வைத்துக்கொள்வது என்று நினைத்த சுவரில் முதல் நாளே ஒரு கதவு இருந்தது.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தூய்மை என்ற சொல்லை இந்த விவாதத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

முதலில் கைவினையின் கௌரவம். ஒரு வேலையைப் பிழைப்புக்காக மட்டும் செய்கிறேன் என்று அறிவிப்பவன் அந்த வேலையையும், அதை வாங்குகிறவனையும், வாழ்நாள் முழுக்க அதை மட்டுமே செய்கிறவனையும் அவமதிக்கிறான் என்ற ஆட்சேபம் உண்டு. இது கனமான ஆட்சேபம். ஆனால் வேலை தன் வழியில் இதற்குப் பதில் சொல்கிறது. பாத்திக்கில் வண்ணம் வேண்டாத இடத்தைத்தான் முதலில் வரைய வேண்டும். மெழுகு போதிய சூட்டில் இல்லாவிட்டால் துணியின் மறுபக்கம் இறங்காது, சாயம் உள்ளே புகுந்துவிடும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு என்ற வரிசையை மாற்ற முடியாது. போட்ட கோட்டை அழிக்க வழியில்லை. மெழுகில் விரிசல் எங்கே விழும், அதன் வழியே சாயம் எப்படி ஓடும் என்பது முழுக்க நம் கையில் இல்லை. எண்ணெய் வண்ணத்தில் தயங்கித் தயங்கித் திருத்திக்கொண்டே போகிறவனுக்கு இது வேறொரு ஒழுக்கம். இதை இடது கையால் செய்ய முடியாது. அலட்சியமாகச் செய்தவனைத் துணியே காட்டிக்கொடுத்துவிடும். சென்னை ஓவியர்களிடம் கோட்டுக்கு இருந்த முதன்மைக்கு இந்த வேலையும் ஒரு காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் காலையில் அழிக்க முடியாத கோட்டைப் போட்ட கை மாலையில் அதை முற்றாக மறந்திருக்கும் என்று நம்புவதும் கடினம்.

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் இருக்கிறது. பணிக்கர் முதல்வராயிருந்த கல்லூரி, 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கிய பள்ளியின் வளர்ச்சி. தொழிற்கலைகளுக்குக் கைகளைப் பழக்குவதே அதன் ஆரம்ப நோக்கங்களில் முக்கியமானது. நூறு வருஷங்களுக்கு மேல் கழிந்து, அங்கே 'சுத்தக்கலை' படித்தவர்கள், அந்தச் சுத்தக்கலையைக் காப்பாற்றவே கைத்தொழிலுக்குத் திரும்பினார்கள்.

அடுத்தது, இந்தப் பாதி நாள் எதை வாங்கித் தந்தது என்பது. நேரத்தை என்று சொல்லுவோம். அது சரியில்லை. நேரம் உத்தியோகஸ்தனுக்கும் கிடைக்கிறது. எழுபதுகளின் சிறுபத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் தந்த ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கைத்தறிக்கு டிசைன் போட்ட அதே கைதான் 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி நூறு காந்திகளை வரைந்தது. ஸ்பினோஸா கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1673-ல் அழைத்தபோது, சிந்திக்கும் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே போடப்படும் என்று தெரியவில்லை என்று மறுத்துவிட்டார். கைத்தொழில் இவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது மறுக்கும் உரிமையை. சோழமண்டலத்தின் பாதி நாளும் அதைத்தான் வாங்கியது. காலண்டருக்கு லட்சுமி வேண்டும், மந்திரிக்கு உருவப்படம் வேண்டும், வரவேற்பறைச் சோபாவுக்குப் பொருத்தமாக நிறம் வேண்டும் என்று வருகிறவனிடம் முடியாது என்று சொல்லும் உரிமை. நேரம் இருந்தும் இந்த உரிமை இல்லாத கலைஞர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இந்த உரிமையை உழைத்து வாங்கத் தெம்பில்லாதவனை என்ன செய்வது? இங்கேதான் கே. ராமானுஜம் குறுக்கே வருகிறார். மனநோயால் அவதிப்பட்ட அந்த இளைஞரைப் பணிக்கர் கல்லூரியில் ஆதரித்தார். பிறகு சோழமண்டலம் அவருக்கு இடம் தந்தது. தன் சாமர்த்தியத்தால் உலகத்தோடு பேரம் பேசிப் பிழைக்கக் கூடிய மனிதரல்ல அவர். நுணுக்கமான மசிக்கோடுகளில் மாளிகைகளையும் விநோதப் பிராணிகளையும், நடுவே தொப்பி வைத்த தன்னையும் வரைந்தார். இந்தியாவின் நவீன ஓவியத்தில் அதைப்போல இன்னொன்று இல்லை. 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் முடிவுக்குக் காரணம் கற்பிக்கிற உரிமை எனக்கில்லை. நான் கவனிப்பது வேறு. 'உழைத்துச் சுதந்திரத்தை வாங்கிக்கொள்' என்ற கொள்கைப்படி மட்டும் நடந்திருந்தால் அந்தக் கிராமத்தில் ராமானுஜத்துக்கு இடமே இருந்திருக்க முடியாது. கொள்கையை மீறி மற்றவர்கள் அவரைத் தாங்கினார்கள். அந்தக் கிராமத்தின் மிகப் பெரிய தார்மீகச் செயல் அதன் திட்டத்தில் எழுதப்படாத செயல். ஸ்பினோஸாவுக்கும் வில்லைகள் போதவில்லை. நண்பர்கள் தந்த சிறு உதவித்தொகையை அவர் ஏற்றுக்கொண்டார். தன் கையே தனக்குதவி என்ற பெருமிதம் ஒரு எல்லைக்கு மேல் பொய்யாகிவிடுகிறது. எல்லாச் சுதந்திரத்துக்கும் அடியில் யாரோ ஒருவரின் தோள் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோவிலில் ஒரே உருவத்தில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் யார் பெரியவர் என்று சண்டையிட்டதும், கோமதி தவமிருந்து இருவரையும் ஒருவராகக் காட்டும்படி வேண்டியதும் ஆடித்தபசு காணும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பக்தியை ஒதுக்கிவிட்டு இந்த உருவத்தைப் பார்க்கிறேன். அங்கே சங்கு மழுவாகிவிடவில்லை, மழு சங்காகிவிடவில்லை. இரண்டும் அதனதன் கையில் அதுவதுவாகவே இருக்கின்றன. நிற்கும் உடம்புதான் ஒன்று. கைவினையும் கலையும் ஒன்றே என்று உருகுகிறவர்களுக்கும், ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்று தரம் பிரிக்கிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதையே. வேற்றுமை நிஜம். உயர்வு தாழ்வு நாகங்களின் சண்டை.

பணிக்கர் 1977-ல் காலமானார். சோழமண்டலத்தில் 2009-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒதுக்குப்புறமாயிருந்த சாலை கிழக்குக் கடற்கரைச் சாலையாகி, அதன் இருபுறமும் மாளிகைகள் வந்துவிட்டன. மலிவாக வாங்கிய மணலின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அன்று வாங்க ஆளில்லாத படங்கள் பல இன்று ஏலத்தில் போகின்றன. நிலைமை தலைகீழாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஓவியத்தைச் சந்தையிடமிருந்து காப்பாற்ற அன்று பாத்திக் இருந்தது. ஓவியமே சரக்காகிவிட்ட பிறகு அதைக் காப்பாற்ற எந்தப் பாதி இருக்கிறது? படம் விற்காத காலத்தில் மறுப்பது ஒருவகையில் எளிது. கேட்டு வருகிறவர்கள் குறைவு. விற்கும் காலத்தில், போன வருஷம் விற்ற அதே படத்தை இந்த வருஷமும் போட்டுத் தா என்று கேட்கிறவனை மறுப்பதுதான் கடினம். கேட்பவன் அப்போது வெளியே நிற்பதில்லை. ஓவியனின் தூரிகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

ஆகவே ஒரு கலைஞன் விற்றானா, விற்கவில்லையா என்பதை வைத்து அவன் நேர்மையைத் தீர்மானிப்பதை நாம் நிறுத்த வேண்டும். எதை அவனிடமிருந்து எந்த விலைக்கும் வாங்க முடியாமல் போயிற்று என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் படத்தில்தான் இருக்கும், வாழ்க்கைக் குறிப்பில் அல்ல. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுக்கும் உரிமை ஒருவன் வென்றெடுத்த சொத்து அல்ல, அவன் பட்ட கடன். அந்த உரிமை கிடைக்காதவர்கள் எண்ணற்றவர்கள். தறியை நிறுத்தினால் அன்றைய கூலி நின்றுவிடும் என்று தெரிந்த என் நண்பரால் எதையும் மறுக்க முடியாது. அவருக்காகப் படம் வரை என்று ஓவியனிடம் சொல்ல நான் துணியமாட்டேன். அது வேறொரு வாடிக்கையாளனை அவன் தலையில் கட்டுவதாகும். கிடைத்த பாதி நாளில் பொய்யாக ஒரு கோடும் போடாதே என்று மட்டும் சொல்லலாம். இந்தக் கடனுக்கு அதைவிடப் பெரிய வட்டி எனக்குத் தெரியவில்லை.