பூசத்து நிலா சிவந்த இரவு



2018ஆம் ஆண்டுத் தைப்பூசம் நினைவிருக்கிறதா? ஜனவரி 31, புதன்கிழமை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடமும் காவடியும் போன அதே நாள். அன்றிரவு 8.51க்கு நிலா முழுதாகப் பூமியின் நிழலுக்குள் போனது. 10.07 வரை செம்பு நிறத்தில் நின்றது. அந்த ஜனவரியில் அது இரண்டாவது பௌர்ணமி. நிலா பூமியை நெருங்கி வந்திருந்த சமயமும்கூட. மூன்றும் ஒரே இரவில் சேர்வது அபூர்வம்.

நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதைக் காட்டினோம்? கிரகணத்தின்போது சாப்பிடாமல் இருப்பது, விட்டதும் குளிப்பது எல்லாம் அவரவர் வீட்டு வழக்கம், இருக்கட்டும். ஆனால், "சன்னல் பக்கம் போகாதே" என்று பிள்ளையைத் தடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாதது சூரிய கிரகணம். சந்திர கிரகணம் கண்ணை ஒன்றும் செய்யாது. தொலைநோக்கி வேண்டாம், கட்டணம் இல்லை. புளோக்குக்குக் கீழே இறங்கி, வானம் தெரிகிற இடத்தில் நின்றால் போதும்.

பிள்ளையிடம் முதலில் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலாவின் ஒரு பக்கம் மெல்ல மங்கும். அந்த இருட்டின் விளிம்பு நேர்கோடாக இருக்காது, வளைந்திருக்கும். அது பூமியின் நிழல். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் இந்த வளைவும் ஒன்று. கிரகணத்துக்கு நிழல்தான் காரணம் என்று ஆரியபட்டர் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்.

"நிழலுக்குள் போன நிலா ஏன் சிவக்கிறது?" என்று பிள்ளை கேட்கும். பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, சிவப்பு நிலாவைச் சென்று சேர்கிறது. அந்த நிமிடத்தில் உலகெங்கும் நடக்கும் சூரிய உதயமும் அஸ்தமனமும்தான் நிலாவின்மேல் விழுகின்றன.

தைப்பூசத்தன்று நிலா பூச நட்சத்திரத்தின் அருகே இருக்கும். பூசம் என்பது மங்கலான சில விண்மீன்களின் கூட்டம். பௌர்ணமி வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். 2018இல் நிலாவே மங்கியதால், பைனாகுலர் வைத்திருந்தவர்களுக்கு நிலாவையும் பூசத்தையும் அருகருகே காணும் வாய்ப்பு இருந்தது. நாள்காட்டியில் மட்டும் நாம் பார்க்கும் ஒரு நட்சத்திரத்தைப் பிள்ளைக்கு வானத்தில் காட்ட அதைவிட நல்ல இரவு கிடைப்பது அரிது.

நமக்குப் பெரிய தடை மேகம்தான். பொறுமை வேண்டும். நேரமும் ஒத்துவர வேண்டும். 2021 விசாக தினத்தன்று முழு கிரகணம் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. நிலாவும் அப்போதுதான் உதித்திருந்தது.

2028 டிசம்பர் 31 இரவு அப்படியல்ல. 11.07க்கு நிழல் நிலாவைத் தொடும். நள்ளிரவு தாண்டி 12.16க்கு முழுதாக மூடும், 1.27 வரை நிலா சிவந்திருக்கும், அதுவும் ஏறக்குறைய நம் தலைக்கு மேலே. புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை மரினா பேக்கு அழைத்துப் போகிறவர்கள், அது முடிந்ததும் எம்ஆர்டிக்கு ஓடிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, நிலாவையும் காட்டிவிட்டு வாருங்கள்.