ஒற்றை ஓட்டு

கை தூக்குவதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் கைகளெல்லாம் உயர்ந்து நிற்கும்போது, தன் கையை மடிமீதே வைத்துக்கொண்டிருப்பதற்குத்தான் பலம் வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு சிறிய வாசகசாலையின் நிர்வாகக் கூட்டத்தில் தெரிந்துகொண்டேன்.

அந்த வாசகசாலையில் இருபது வருஷமாகப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். சந்தாக் கணக்கில் சிறு தொகை குறைகிறது என்று சொல்லி, அவரை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர் அந்தப் பணத்தைத் தொட்டிருக்கமாட்டார் என்று என் மனத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். மேஜையைச் சுற்றி ஒவ்வொரு கையாக உயர்ந்தது. என் கையும் உயர்ந்தது. 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று காரியதரிசி குறிப்பேட்டில் எழுதினார்.

வீடு திரும்பும் வழியில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்: 'நான் ஒருவன் எதிர்த்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?'

கேட்பதற்கு நியாயமான கேள்விதான். ஆனால் அது நினைவுக்கு வரும்போதெல்லாம், ஏறக்குறைய நானூறு பேர் ஓட்டளித்த சபையில் ஒற்றை ஆளாய் நின்று மறுத்த ஓர் அம்மையாரின் நினைவும் கூடவே வந்துவிடுகிறது.

ஜெனெட் ராங்கின் என்பது அவர் பெயர். 1880-இல் அமெரிக்காவின் மான்டானாப் பகுதியில் பிறந்தவர். அங்கே பெண்களுக்கு 1914-இல் ஓட்டுரிமை கிடைத்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1916-இல் அந்த ராஜ்யத்து மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு பெண் இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை உறுதியானது 1920-இல். அதாவது, தேசத்துப் பெண்களில் பெரும்பாலோர் ஓட்டுச் சாவடிக்குள் நுழைய முடியாத காலத்திலேயே, சட்டம் செய்யும் சபைக்குள் அவர் நுழைந்துவிட்டார்.

1917 ஏப்ரல் 2-ஆம் தேதி கையில் பூங்கொத்துடன் சபைக்கு வந்தார். அன்றே ஜனாதிபதி வில்சனும் வந்தார். ஜெர்மனியின்மீது போர் தொடுக்க அனுமதி வேண்டும் என்று கேட்டார். நான்கு நாள் கழித்து, 6-ஆம் தேதி விடியுமுன் ஓட்டெடுப்பு நடந்தது. முதல் தடவை பெயர் அழைக்கப்பட்டபோது ராங்கின் அம்மையார் மௌனமாக இருந்தார். இரண்டாந்தடவை அழைத்தபோது எழுந்தார். "என் நாட்டின் பக்கம் நிற்கவே விரும்புகிறேன், ஆனால் போருக்கு என்னால் ஓட்டளிக்க முடியாது" என்றார்.

போருக்கு ஆதரவு 373, எதிர்ப்பு 50. அந்த ஐம்பதில் அவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். ஆனாலும் ஊர் பேசியது அவர் ஒருவரைப் பற்றித்தான். ஆண் எதிர்த்தால் அது அபிப்பிராயம். பெண் எதிர்த்தால் அது பலவீனம் என்று எண்ணிய காலம் அது. ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்களிலேயே சிலர், இவரால் தங்கள் இயக்கத்துக்குக் கெடுதல் வருமே என்று கவலைப்பட்டார்கள். 1918-இல் செனட் பதவிக்குப் போட்டியிட்டார், தோற்றார். பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தச் சபையில் அவருக்கு இடமில்லை.

1940-இல் மான்டானா மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். விதி மனிதரைச் சோதிக்கும் முறை சில வேளைகளில் விசித்திரமானது. எழுதித் தோற்ற பரீட்சையையே இன்னும் கடினமாக்கித் திரும்பவும் வைக்கிறது. 1941 டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. இரண்டாயிரத்து நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மறுநாளே சபை கூடியது. அம்மையார் பேச எழுந்தார். சபைத் தலைவர் இடம் கொடுக்கவில்லை. மறுக்கவேண்டாம் என்று சக அங்கத்தினர் சிலர் மன்றாடினார்கள். பெயர் அழைக்கப்பட்டதும், "பெண்ணாகிய நான் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மறுக்கிறேன்" என்றார். சபையில் சீறல் எழுந்தது. ஆதரவு 388, எதிர்ப்பு 1.

வெளியே கூடியிருந்தவர்களின் ஆத்திரத்துக்குத் தப்பி ஒரு டெலிபோன் கூண்டுக்குள் புகுந்துகொண்டார். போலீஸார் வந்துதான் அவரை அவருடைய அறைக்கு அழைத்துச் சென்றார்கள். மான்டானா முழுவதும் உனக்கு எதிராக இருக்கிறது என்று உடன்பிறந்த சகோதரரே தெரிவித்தார். 1942-இல் அவர் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை.

இனி, நாம் நேர்மையாக யோசிக்கவேண்டிய இடம் வருகிறது. அந்த இரண்டாவது ஓட்டு சரிதானா? சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஹிட்லரின் கொலைக் கூடங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு பார்க்கும்போது, அந்தப் போரில் அமெரிக்கா இறங்கியிருக்கவே கூடாது என்று யார் சொல்வார்கள்? 388 பேரும் அம்மையாரைப் பின்பற்றியிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. அவருடைய ஓட்டு வரலாறும் ஒரே நேர்கோடு அன்று. 1917 டிசம்பரில் ஆஸ்திரியா-ஹங்கேரிமீது போர் அறிவிப்பதற்கு அவர் ஆதரவாகவே ஓட்டளித்தார். ஏற்கெனவே தொடங்கிவிட்ட போரின் ஒரு சடங்காக அதை எண்ணினார். 1941 டிசம்பர் 11-இல் ஜெர்மனி, இத்தாலிமீது போர் அறிவித்தபோது, ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்தார்.

அப்படியானால் அவரிடம் நாம் எதை மதிக்கிறோம்? வெறும் பிடிவாதத்தையா?

இல்லை. பிடிவாதக்காரன் தன் செயலுக்கு விலை கொடுக்க மாட்டான். பிறரைக் கொடுக்கச் செய்வான். 1774-இல் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் எட்மண்டு பர்க் ஒரு கருத்தைச் சொன்னார்: உங்கள் பிரதிநிதி உங்களுக்குக் கொடுக்கவேண்டியது உழைப்பை மட்டுமல்ல, தன்னுடைய சொந்தத் தீர்ப்பையும்தான் என்றார். அழகான கொள்கை. அந்த நகரத்தார் அவர்மீது அதிருப்தி கொண்டார்கள். 1780-இல் அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பிரதிநிதிக்கு மனச்சாட்சி உண்டு, அனுப்பியவர்களுக்கும் உண்டு. நான் இப்படித்தான் ஓட்டளிப்பேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருப்பதுபோல், இனி நீ வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. ராங்கின் அம்மையார் இரண்டு தடவையும் அந்தக் கணக்கை முகம் சுளிக்காமல் தீர்த்தார். விலை கொடுக்காதவன் வாயில் மனச்சாட்சி என்பது மலிவான சொல்.

நம் நாட்டில் 1985-இல் வந்த சட்டப்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி ஓட்டளிக்கும் அங்கத்தினர் தம் இடத்தையே இழக்க நேரிடும். விலைபோகிறவர்களைத் தடுக்க வந்த வேலிதான் அது. ஆனால் வேலிக்கு நெல் எது, புல் எது என்று தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஒற்றை ஓட்டு போரை நிறுத்தவில்லை; ஒரு நாழிகை தாமதப்படுத்தக்கூட இல்லை. ஆனால் மற்ற 388 ஓட்டுகளுக்கும் அது ஒரு பொருளைக் கொடுத்தது. 'இல்லை' என்று சொல்ல இடமிருந்தது, சொல்லியும் ஒருவர் உயிரோடு வீடு திரும்பினார் என்பதனால் அல்லவா, 'ஆம்' என்றவர்கள் தாமாகவே சொன்னார்கள் என்று நம்மால் நம்ப முடிகிறது? யாரும் மறுக்க முடியாத சபையில் ஓட்டு ஏது? தலையாட்டல்தான் உண்டு.

அம்மையார் பின்னாளில் காந்தியடிகளின் வழியைக் கற்க இந்தியாவுக்குப் பல தடவை வந்துபோனார். 1968-இல், எண்பத்தேழு வயதில், வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களோடு வாஷிங்டனில் நடந்தார். 1973-இல் காலமானார்.

என் வாசகசாலைக்கு வருகிறேன். நான் கையைத் தூக்காமல் இருந்திருந்தாலும் அந்த முதியவரின் வேலை போயிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன்னை நம்பிய ஒருவன் அந்த மேஜையருகே இருந்தான் என்ற ஆறுதலாவது அவருக்கு மிஞ்சியிருக்கும். அதைவிட முக்கியம், குறிப்பேட்டில் 'ஏகமனதாக' என்ற சொல் ஏறியிருக்காது. எழுதியவர் காரியதரிசி, ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.