நகக்கண்ணில் ஒரு கருமை

தோல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்று மீண்ட ஒருவர், சில திங்கள் சென்றபின் தம் கால் நகத்தில் கருநிறம் படரக் காண்கிறார். நோய் திரும்பியதோ என உள்ளம் நடுங்குகிறது. ஆயினும், வீட்டார் பட்ட துன்பம் போதும் என்றெண்ணி அதனை மறைத்துவிடுகிறார். இம்மறைப்பு அன்பா, அன்றி அறத்தின் வழுவா?

முதலில் உண்மையை அறிவோம். நிறம் மாறிய நகமெல்லாம் புற்றுநோய் அன்று. அடிபட்டு உறைந்த குருதியும், பூஞ்சைத் தொற்றும், சில மருந்துகளும் நகத்தைக் கறுக்கச் செய்யும். கருநிறத் தோலினர்க்கு நகத்தில் தீங்கற்ற கோடுகள் தோன்றுவதும் உண்டு. கைந்நகம் திங்களுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும்; கால்நகம் அதனினும் மெதுவாக வளரும். உறைந்த குருதி நகத்தோடு நுனியை நோக்கி நகர்ந்துவிடும். நகராது நின்று, அகன்று, சூழ்ந்த தோலிலும் பரவும் கருமையே பெரிதும் ஐயத்திற்குரியது. எனினும் அவ்வையத்தைத் தீர்க்க வேண்டியவர் மருத்துவரே, அஞ்சுபவர் அல்லர்.

ஜமைக்கா நாட்டு இசைக்கலைஞர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் மெலனோமா என்னும் தோல் புற்று கண்டறியப்பட்டது. காற்பந்தாட்டக் காயமென்றே அது முதலில் கருதப்பட்டது. விரலை நீக்கும் அறிவுரையை அவர் ஏற்கவில்லை. நகப்படுகை மட்டும் அகற்றப்பட்டது. 1980இல் நோய் மூளை வரை பரவியிருந்தமை தெரிந்தது. 1981 மே 11ஆம் நாள், 36ஆம் அகவையில் அவர் மறைந்தார். அவர் முடிவை எடைபோடும் உரிமை நமக்கில்லை. தம் உடலைப் பற்றி அறிந்து முடிவெடுத்தல் ஒவ்வொருவர்க்கும் உரியது.

ஆனால், மறைப்பவர் முடிவெடுப்பவர் அல்லர். அறிய மறுப்பதால் முடிவெடுக்கும் வாய்ப்பையே அவர் இழக்கிறார். துணை நிற்கும் வாய்ப்பை வீட்டாரும் இழக்கின்றனர். உற்றாரை நகமும் சதையும் போன்றவர் என்கிறோம். சதையின் நோவை நகம் அறியாதிருப்பின் அஃது எவ்வகை உறவு?

அச்சத்தை இழிவென்று கொள்வோர் உளர். வள்ளுவரோ அறிவுடைமை அதிகாரத்திலேயே அச்சத்திற்கும் இடமளித்தார். அச்சம் நம்மை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாயின் அது விழிப்பு. வாய்மூடி இருக்கச் செய்யுமாயின் அதுவே கோழைமை. நகத்தால் கிள்ளி எறியத் தக்கதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைக்கு வளரவிடுதல், தமக்கும் தம்மவர்க்கும் இழைக்கும் தீங்கேயாகும்.