அரைத் திருகு

இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங் போட்டு ஏற்றிய பழைய புல்லட். ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே கத்துகிறது! நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 சுற்றில் ‘தட்... தட்...’ என்று நிற்க வேண்டிய வண்டி, 2,000-ல் நிற்கிறது. வண்டிக்காரர் பெஞ்ச்சில் காத்திருக்கிறார். மெக்கானிக் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

கார்ப்பரேட்டரின் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ உண்டு. இடப்பக்கமாக அரைத் திருகு திருகினால், பல சமயம் சத்தம் அடங்கிவிடும். வண்டிக்காரர் சிரிப்பார். காசு கைக்கு வரும்.

திருகலாமா, கூடாதா?

கத்துவதற்குக் காரணங்கள் பல. ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுத்துக் கட்டியிருக்கலாம். ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பும்போது சத்தம் ஏறி இறங்கினால் கேபிள்தான். இழுத்த சோக் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடை முன்பின் மாற்றிப் போட்டிருக்கலாம். இதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

மோசமானது இன்னொன்று. கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே போட்ட பேக்கிங் சரியாக உட்காராமல், அந்த இடுக்கு வழியாகக் கள்ளக் காற்று உள்ளே போவது. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் கூடினால் இன்ஜின் சூடேறும். புது ரிங்கோ சிலிண்டரோடு இன்னும் பழகவே இல்லை. இந்த நிலையில் வண்டியை விரட்டினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும் அபாயம் உண்டு. கவ்விவிட்டால் ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின் சீட்டில் மனைவியும், மடியில் குழந்தையும் இருக்கலாம்.

இடுக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். இஸ்திரிக்காரர் வைத்திருப்பாரே, அதுபோல ஒரு தண்ணீர் ஸ்ப்ரே போதும். இன்ஜின் ஓடும்போது இணைப்பின் ஓரமாகப் பீய்ச்சினால், ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். (சிலர் பெட்ரோலையே ஊற்றிப் பார்ப்பார்கள். சூடான இன்ஜின் மேல்! வேண்டாம் சாமி.)

நியாயமாகப் பார்த்தால், கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கடைசியாகக் கை வைத்தது யார்? அவரேதான்.

சிக்கலே இங்கேதான். பேக்கிங் விலை அற்பம். ஆனால், மறுபடி கழற்றி மாட்டுகிற நேரத்துக்கு யாரும் கூலி தர மாட்டார்கள். ‘‘என் வேலையிலதான் கோளாறு சார்’’ என்று சொன்னால், ‘‘அப்போ முதல்ல ஒழுங்கா மாட்டலையா?’’ என்று வசவு கிடைக்கும். அரைத் திருகுக்கோ, ‘‘கைராசிக்காரர்ப்பா!’’ என்று பாராட்டு.

மெக்கானிக் ஷெட்டில் மட்டுமா இப்படி? ‘‘போன வாரம் எழுதிய மாத்திரை சரிப்படவில்லை, நான் கணித்தது தப்பு’’ என்று சொல்கிற டாக்டரை நாம் மாற்றிவிடுகிறோம். ‘‘நேத்து போட்ட கணக்கு தப்பு, அடிச்சிட்டு எழுதுங்க’’ என்கிற வாத்தியாரைப் பற்றி ஹெட்மாஸ்டரிடம் புகார் போகிறது. ஒப்புக்கொள்கிறவருக்கு அபராதம், மறைக்கிறவருக்கு மாலை. திருகுகிறவரின் பாவத்தில் பெஞ்ச்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கட்சி.

அதற்காக மெக்கானிக்கை விட்டுவிட முடியாது. இடுக்கு இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியாது. தெரியாதவர் அவரை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறார். வசவுக்குப் பயந்தேன் என்பது காரணம்தான், நியாயம் ஆகாது.

சரி, ஸ்க்ரூவைத் தொடுவதே தப்பா? அதுவும் இல்லை. புது ரிங் போட்ட இன்ஜின் இறுக்கமாக இருக்கும். நின்றுபோகாமல் இருக்க, விவரமான மெக்கானிக் ஐடிலிங்கை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைத்து அனுப்புவார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் உராய்வு குறைந்து, சத்தம் தானாகவே இன்னும் ஏறும். பயப்பட வேண்டியதில்லை, இன்ஜின் பழகிவிட்டது என்று அர்த்தம். அப்போது அரைத் திருகு குறைப்பதுதான் சரியான வைத்தியம். அதே ஸ்க்ரூ, அதே கை! பெஞ்ச்சிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ‘‘என்னன்னு பாத்தீங்களா, சும்மா திருகுறீங்களா?’’ என்று கேட்கலாம். ஆனால், ‘கழற்றணும்’ என்று பதில் வந்தால் முகம் சுளிக்காமல் இருக்க நாம் தயாரா?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புது பைக்குகளில் கார்ப்பரேட்டர் பெரும்பாலும் போய்விட்டது. ஐடிலிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கோளாறு என்றால் மீட்டரில் விளக்கு எரியும். அந்த விளக்கை மட்டும் அணைத்துவைக்கவும் இப்போது கருவி விற்கிறார்கள்.