ஹேல் அம்மா வீட்டுப் பசியாறல்



அமெரிக்காக்காரன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுகூட ஓட்டுநருக்கு நன்றி சொல்லுவான். "அதெல்லாம் வெறும் வாய் உபசாரம்" என்று நம்ம பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். நாம் வாயாலேகூடச் சொல்வதில்லையே!

1893 செப்டம்பரில் சுவாமி விவேகானந்தர் சிகாகோவில் வழி தெரியாமல், பசியோடு தெருவோரம் உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்ட வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். எதிர்வீட்டு ஹேல் அம்மையார்தான் வெளியே வந்து, சர்வமத மாநாட்டுக்கு வந்தவரா என்று விசாரித்து, உள்ளே அழைத்துப் பசியாற வைத்தார். பிற்பாடு சுவாமி அவருக்குக் கடிதம் எழுதினால் "அம்மா" என்றுதான் தொடங்குவார். அவர் மகள்கள் இவருக்குச் சகோதரிகள். 11ஆம் தேதி மேடையில் அமெரிக்கர்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அழைத்தது எல்லாருக்கும் தெரியும். அடுத்து அவர் செய்தது நன்றி சொன்னது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அவரைக் கப்பலேற்றச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய்க் காசு கேட்டார்கள். வாலிபப் பிள்ளைகள்தான்.

நம்ம பெடாஸ் தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், பனியிலே பால்மரம் வெட்டி, வாளி தூக்கிய தோள்தான் நம்மைப் படிக்க வைத்தது. சிரம்பானில் வேலை கிடைத்ததும், "எங்கப்பா எனக்கு என்ன செஞ்சாரு?" என்று கேட்கிற பிள்ளையும் நம்மிடையே உண்டு. தோட்டத்தை விட்டுப் போவது தப்பில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆயுத பூஜைக்கு மடிக்கணினிக்குப் பொட்டு வைக்கும்போது, வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் பால்வெட்டுக் கத்தியையும் கழுவிப் பக்கத்தில் வையுங்கள். அப்பாவைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.