யதாசக்தி என்று சொல்லித்தானே பூஜை செய்கிறோம்?



புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், நம் வீட்டுக் காலண்டருக்கே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். நவராத்திரி, கொலு பொம்மைகளை மறுபடி பெட்டியில் அடுக்குவதற்குள் தீபாவளி, அடுத்த வாரமே கந்த சஷ்டி விரதம், கார்த்திகை தீபம், மார்கழி விடியற்காலைக் கோலம், வைகுண்ட ஏகாதசி, பொங்கல்... தை மாதம் வரை ஓயாத ஓட்டம்!

அத்தனையும் அம்பாள் கொடுத்த பாக்கியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், பொங்கல் பானையை இறக்கி வைத்த கையோடு, 'அப்பாடா, ஒரு வழியாக முடிந்தது' என்று பெருமூச்சு விட்டிருக்கிறீர்களா? பண்டிகை எப்போது வரும் என்று சிறுமியாகக் காத்திருந்த நாம், எப்போது முடியும் என்று காத்திருக்கும் நிலைக்கு எப்படி வந்தோம்?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது என் அக்காதான்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். சரஸ்வதி பூஜை அன்று விடியற்காலை எழுந்து, வீடு துடைத்து, மாக்கோலம் போட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சமையலில் இறங்கினாள். சுண்டல், வடை, பாயசம், புளியோதரை என்று பட்டியல் நீண்டது. மணி பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. ஒரு வாய் சாப்பிடவில்லை. வடை போட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, அப்படியே சரிந்துவிட்டாள். எண்ணெய்ச் சட்டி கவிழாதது அம்பாளின் கருணை!

மகன் ஓடிவந்து சர்க்கரை கரைத்த தண்ணீரைப் புகட்டி, மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். 'மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததால் சர்க்கரை இறங்கிவிட்டது' என்றார் டாக்டர். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்ததும் என்னைப் பார்த்து அக்கா கேட்டாள்...

"நைவேத்தியம் ஆகறதுக்கு முன்னாடி நான் எப்படிடி சாப்பிடறது? பாவம் இல்லையா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கேலியாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியா அது? பக்தியும் பயமும் கலந்த கேள்வி. நம்மில் பலரும் வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் வைத்திருக்கும் கேள்வி. சுவாமிக்கும் குடும்பத்துக்கும் செய்யவேண்டிய நேரத்தில் என் உடம்பைப் பார்த்துக்கொள்வது சுயநலமா?

பதிலைத் தேடிப் போனபோது, அது நாம் அடிக்கடி போகும் கோயிலிலேயே இருந்தது!

சுவாமிக்கும் ஓய்வு உண்டு

நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலானவற்றில் உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் சாயங்காலம் நடை திறக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். 'சுவாமி ஓய்வெடுக்கிறாரே' என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மதுரையில் தினமும் இரவு சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, வாத்திய முழக்கத்தோடு மீனாட்சி அம்மனின் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். அதற்குப் பெயர் பள்ளியறை பூஜை. கவனியுங்கள், அதுவும் பூஜைதான்! வேலையெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் தூக்கம் என்று நாம் நினைக்கிறோம். நம் முன்னோரோ உறங்கப் போவதையே ஒரு வழிபாடாக வைத்துவிட்டார்கள்.

பூரி ஜகந்நாதரின் கதை இன்னும் அழகு. ஜ்யேஷ்ட மாதப் பௌர்ணமியில் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் 108 குடம் தண்ணீரால் ஸ்நானம் நடக்கிறது. அவ்வளவு தண்ணீரில் நீராடியதால் சுவாமிக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாக ஐதிகம். அதன்பிறகு ஏறக்குறைய 15 நாட்கள் பக்தர்களுக்குத் தரிசனமே கிடையாது. தனியிடத்தில் ஓய்வு, மூலிகை மருந்துகள், பணிவிடை. 'அணசரம்' என்று இதைச் சொல்கிறார்கள். தேறிப் புதுப் பொலிவோடு காட்சி கொடுத்த பிறகுதான் உலகமே திரண்டு வரும் ரத யாத்திரை!

பாருங்கள், வருடத்தின் மிகப் பெரிய திருவிழாவுக்கு முன்னால் சுவாமிக்கே பதினைந்து நாள் ஓய்வு. நமக்கோ, கொலுப்படி கட்டுவதற்கு முதல் நாள் ராத்திரி ஒரு மணி வரை வேலை!

'அதெல்லாம் சுவாமிக்கு. மனுஷிக்கு?' என்று கேட்கலாம். தர்ம சாஸ்திரத்தில் இல்லறத்தானுக்கு ஒரு விதி இருக்கிறது. விருந்தினரைத் தெய்வமாக நினைத்து உபசரிக்கச் சொன்ன அதே இடத்தில், வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விருந்தினருக்கு முன்பாகவே, தயங்காமல் உணவு கொடு என்கிறார் மனு. நம் வீட்டில் அந்த நோயாளி யார்? கரண்டியைப் பிடித்து நிற்பவள்தான் என்றால், அவள் முதலில் சாப்பிடுவது பாவமாகுமா?

சங்கல்பத்தில் ஒரு சொல்

பூஜையைத் தொடங்கும்போது சாஸ்திரிகள் சங்கல்பம் செய்து வைப்பார். அதில் 'யதாசக்தி' என்றொரு சொல் வரும். 'என் சக்திக்கு ஏற்றபடி' என்று பொருள். வருடா வருடம் சொல்கிறோம். எத்தனை பேர் அந்தச் சொல்லில் ஒரு நிமிஷம் நின்றிருப்போம்?

சங்கல்பம் என்பது சுவாமிக்கு நாம் கொடுக்கும் வாக்கு. 'என்னால் முடிந்ததைச் செய்கிறேன்' என்பதுதான் அந்த வாக்கு. 'பக்கத்து வீட்டில் செய்வதைவிட ஒரு பட்சணம் கூடுதலாகச் செய்கிறேன்' என்று யாராவது சங்கல்பம் செய்வார்களா? ஆனால், நடப்பது என்னவோ பல நேரங்களில் அதுதான்!

சக்திக்கு மீறிச் செய்யும்போது அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? உடம்பிடம் கடன் வாங்குகிறோம். அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவது நாம் மட்டுமில்லை. கொலுவுக்கு வந்தவர்களிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் குழந்தையிடம் எரிந்து விழுகிறோமே, அந்த வட்டியைக் கட்டுவது குழந்தை! பண்டிகை என்றாலே அம்மாவின் சிடுசிடுப்பு என்று அது மனசில் பதிந்துவிட்டால், பிற்காலத்தில் அது எந்த ஆசையோடு விளக்கேற்றும்?

அதற்காக, 'யதாசக்தி' என்று சொல்லி முடிந்ததையும் செய்யாமல் இருந்துவிடலாமா? கூடாது. சக்தி இருந்தும் மறைப்பது ஒரு பொய் என்றால், இல்லாத சக்தியை இருப்பதாகக் காட்டுவதும் ஒரு பொய்தான். நம் சக்தி எவ்வளவு என்று உண்மையாகத் தெரிந்துகொள்வதுதான் சிரமம். இருபத்தைந்து வயதில் இருந்த சக்தி ஐம்பதில் இருக்காது. அதை ஒப்புக்கொள்வதற்கும் ஒரு பணிவு வேண்டும்.

'எங்கள் மாமியார் காலத்திலிருந்து ஒன்பது நாளும் விதவிதமாக நைவேத்தியம் செய்வதுதான் வழக்கம், அதை எப்படி விடுவது?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால், அந்தக் காலத்தில் ஒரே வீட்டில் மாமியார், ஓரகத்தி, நாத்தனார் என்று நான்கு பேர் சேர்ந்து செய்தார்கள். வழக்கம் அப்படியே இருக்கிறது. கைகள்தான் குறைந்துவிட்டன!

கோயிலில் அர்ச்சகர்களுக்கு முறை உண்டு. மடைப்பள்ளிக்குத் தனியாக ஆள் உண்டு. மாலை கட்டுபவர் வேறு, நாகஸ்வரம் வாசிப்பவர் வேறு. வீட்டில் எல்லாமே நீங்கள் ஒருவர்தானா? வீட்டுக்கும் ஒரு முறை வையுங்கள். பூ வாங்கித் தொடுப்பது ஒருவர், பாத்திரம் துலக்குவது ஒருவர், வந்தவர்களுக்குத் தாம்பூலம் எடுத்து வைப்பது ஒருவர். சுவாமி காரியத்தில் பங்கு கொடுத்தால் புண்ணியத்திலும் பங்கு கிடைக்குமே! வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் அதை ஏன் மறுக்க வேண்டும்?

வீட்டிலும் நடை சாத்துங்கள்

இந்தப் பண்டிகைக் காலத்துக்குச் சில பழக்கங்களை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். மதியம் அரை மணி நேரமாவது 'நடை சாத்தி'க் காலை நீட்டிப் படுங்கள். ராத்திரி படுக்கும் நேரத்தைப் பள்ளியறை பூஜை மாதிரி தவறாமல் கடைப்பிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நைவேத்தியம் போதும். சுண்டல் ஒன்றே சத்தான பிரசாதம்தான். வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் சஷ்டி, ஏகாதசி என்று உபவாசம் இருக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது விரதமாகாது, ஆபத்து.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அவளுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்.

"கோயிலில் காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தஜாமம் என்று ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியா நைவேத்தியம் உண்டு. உச்சிக்காலம் வரை சுவாமியைப் பட்டினி போடறதில்லை. நீயும் காலையில் விளக்கேத்தினதும் இரண்டு இட்லியை நைவேத்தியம் பண்ணிடு. காஞ்சி வரதருக்கே இட்லி நைவேத்தியம் உண்டே! அதையே பிரசாதமாச் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கோ. பெரிய பூஜை மெதுவா நடக்கட்டும்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ சுவாமிக்கு முன்னாடி சாப்பிட்ட மாதிரியும் ஆகாது, இல்லையா?" என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன்.

அடுத்த வருடம் சரஸ்வதி பூஜைக்குப் போயிருந்தேன். புத்தகங்களோடு, வழக்கம்போல மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். மருமகள் சுண்டல் தாளிக்க, மகன் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா மணையில் உட்கார்ந்து பூத் தொடுத்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை வருடங்கள் ஆகியிருந்தன!

உழைத்த கருவிகளுக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கும் மரபு நம்முடையது. மாட்டுப் பொங்கல் அன்று மாட்டுக்குக்கூட ஏர் பூட்டுவதில்லை. இந்த வருடம் ஆயுத பூஜை அன்று, அந்தக் கருவிகளை எல்லாம் இயக்கிய உங்கள் இரண்டு கைகளையும் ஒரு நிமிஷம் பாருங்கள். அவையும் அம்பாள் கொடுத்த ஆயுதங்கள்தான். அவற்றையும் அவள் முன்னால் கூப்பிவைத்து, 'யதாசக்தி' என்ற சொல்லை இந்த முறை பொருள் தெரிந்து சொல்லுங்கள். உங்கள் சக்தி எவ்வளவு என்று அந்தப் பராசக்திக்குத் தெரியாதா என்ன?