உயிரின் விலை

கவனயீனமாக ஓட்டப்பட்ட வாகனத்தால் ஓர் உயிர் போனால், அதற்கு விலை மதிப்பது நியாயத்தலத்தின் கடமையாகிறது. நமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில், 2019 வரை இறந்தவனை நம்பியிருந்தோர் இழந்த ஆதரவே அளவுகோலாக இருந்தது. அவன் என்ன உழைத்தான், இன்னும் எத்தனை ஆண்டு உழைத்திருப்பான் என்பதே கணக்காக இருந்தது; தாயின் துயரத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. ஒரே லொறி மோதி மாண்ட டாக்டரும் மூட்டை தூக்கும் தொழிலாளியும் சாவிலும் சமமாவதில்லை. உழைக்கத் தொடங்காத பள்ளிச் சிறுவனுக்கோ ஈமச்செலவுக்கு மேல் கிடைப்பது அரிதாக இருந்தது!

கன்றுக்காக மகனைத் தேர்க்காலிலிட்ட சோழன் கதையை நாம் வகுப்பில் பெருமையோடு படிப்பிக்கிறோம். அங்கே குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. பசுவுக்கு என்ன கிடைத்தது? (இறைவன் எல்லோரையும் எழுப்பிக் கொடுத்தது வேறு விஷயம், அது காப்புறுதிக் கம்பனியால் ஆகக்கூடியதன்று.)

நியூசிலாந்தில் 1974 முதல், காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்காடும் முறை நீங்கியது. குற்றம் யாருடையது என்று பாராமல் பொது நிதியிலிருந்து உதவுகிறார்கள். மேலான வழிதான். ஆயினும் வேலை செய்ய முடியாதவனுக்கு அங்கு வாராந்தம் கிடைப்பது அவன் பெற்ற சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதம். அதற்கு ஓர் உச்ச எல்லையும், முழுநேரம் உழைத்தவனுக்கு ஒரு கீழெல்லையும் வைத்திருக்கிறார்கள். அவ்விரண்டு எல்லைகளையும் இன்னும் நெருங்கச் செய்யலாகாதா என்பதே நமது கேள்வி.